கயிறு அறுந்தால் யார் பொறுப்பு?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால் வண்டலூர். மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அதற்குப் பக்கத்தில் ஊனமாஞ்சேரி. 2022 டிசம்பர் தொடக்கத்தில் அங்கே 'விடுதலை' படத்தின் ஷூட்டிங் நடந்தது. ஒரு சண்டைக் கலைஞரை கிரேனில் கயிறு கட்டித் தொங்கவிட்டு எடுத்த காட்சியில் கயிறு அறுந்தது. சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்தவர் இறந்து போனார். படம் அடுத்த மார்ச்சில் வெளியானது. விமர்சனங்கள் வந்தன, பாராட்டுகள் வந்தன. அந்தக் கயிறு எத்தனை வருடம் பழையது, எவ்வளவு எடை தாங்கும், அன்று காலை அதைச் சோதித்துப் பார்த்தது யார்? இந்தக் கேள்விகள் எந்த விமர்சனத்திலும் வரவில்லை. வராதுதான். கயிறு நடிக்கவில்லையே!

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றால் விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அப்படி இல்லை. 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் 'சர்தார் 2' ஷூட்டிங்கில் இன்னொரு சண்டைக் கலைஞர் மேலேயிருந்து விழுந்து இறந்தார். அதுவும் சுமார் 20 அடிதான். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரைப் பறக்கவிட்டு எடுத்த காட்சியில் மூத்த சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். மூன்று வருடத்துக்குள் மூன்று உயிர். மூன்று முறையும் இரங்கல் அறிக்கை வந்தது, நிதி உதவி வந்தது, வழக்குப் பதிவானது. அப்புறம்? அப்புறம் அடுத்த படத்தின் பூஜை.

சரி, யார்தான் பொறுப்பு? இந்தக் கேள்விக்குத் தமிழ் சினிமா என்ன பதில் வைத்திருக்கிறது என்பது 2020-லேயே தெரிந்துவிட்டது. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நசரத்பேட்டை வரும். அங்கே பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஈ.வி.பி. பிலிம் சிட்டி. 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்பில் ராட்சத விளக்கைத் தூக்கி நின்ற கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் உதவி இயக்குநர். கமல்ஹாசனும் ஷங்கரும் மயிரிழையில் தப்பினார்கள்.

அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் முக்கியம். கமல், தயாரிப்பு நிறுவனமான லைகாவுக்குக் கடிதம் எழுதினார். பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு, இன்சூரன்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லைகா பதில் எழுதியது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, படப்பிடிப்பு உங்கள் கட்டுப்பாட்டிலும் இயக்குநரின் கட்டுப்பாட்டிலும்தானே நடந்தது என்கிற ரீதியில் இருந்தது அந்தப் பதில். அதுவும் ஒரு வகையில் நியாயம்தான். ஆக நாயகன் தயாரிப்பாளரைக் காட்டுகிறார், தயாரிப்பாளர் நாயகனையும் இயக்குநரையும் காட்டுகிறார். பல கோடி ரூபாய் செலவழித்து எடுக்கிற ஒரு படத்தில், இந்த கிரேனை இங்கே நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் ஆள் யார் என்பது விபத்துக்குப் பிறகு கடிதம் எழுதித் தேட வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது. விபத்தைவிட பயங்கரமான செய்தி இதுதான்.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கா என்று உடனே கேட்பார்கள். இல்லை. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. அது வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அங்கேயும் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். நான் விசையை இழுக்கவில்லை என்றார் நடிகர். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆயுதங்களுக்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவருடைய வேலையே தோட்டாவைச் சோதிப்பதுதான். அவர் சோதித்ததை உதவி இயக்குநர் மறுபடி பார்த்து, துப்பாக்கி காலி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நடிகர். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேட முடிந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் 18 மாதம் சிறை. உதவி இயக்குநர் அதற்கு முன்பே குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார். பால்ட்வின் மீதான வழக்கு, ஆதாரத்தை மறைத்ததாக அரசுத் தரப்பு மீது புகார் எழுந்து தள்ளுபடியானது. மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை தனியாக விசாரித்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. இதெல்லாம் பூரண நீதியா என்றால் இல்லை. இறந்தவர் திரும்பி வரவும் இல்லை. ஆனால் "இது யார் வேலை?" என்ற கேள்விக்காவது அங்கே ஒரு பதில் இருந்தது.

நம் ஊரில் சாவு துப்பாக்கியில் வருவதில்லை. கயிற்றிலும் கிரேனிலும் காரிலும் வருகிறது. அந்தக் கயிற்றுக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியாவது இருக்கிறதா?

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியம் போனால் போதும். அங்கே மெப்ஸ் வளாகத்தில் எத்தனையோ தொழிற்சாலைகள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் அவற்றுக்கு என்ன சொன்னது? ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு மேலாளர், இருவர் பெயரும் அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். பாரம் தூக்கும் கிரேனையும் சங்கிலியையும் கயிற்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதியான ஆள் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டை தைக்கும் ஆலையில் பெட்டியைத் தூக்கும் கயிற்றுக்குப் பதிவேடு. சில கிலோமீட்டர் தள்ளி, மனுஷனைத் தூக்கும் கயிற்றுக்கு மாஸ்டரின் அனுபவம்! பெட்டிக்குக் கிடைக்கும் மரியாதை மனிதனுக்குக் கிடையாதா?

வழக்கமாக மூன்று சமாதானங்கள் சொல்வார்கள்.

ஒன்று, "ஸ்டண்ட் என்றாலே ரிஸ்க்தான், தெரிந்துதானே வருகிறார்கள்." உயரத்திலிருந்து குதிப்பது ரிஸ்க், சரி. அறுந்து போகிற கயிறும் அந்த ரிஸ்க்கில் அடக்கமா? லாரி ஓட்டுவதும் ரிஸ்க்தான். அதற்காக பிரேக் இல்லாத லாரியைக் கொடுக்கலாமா?

இரண்டு, "ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்." அவர் திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் காட்சியை சீக்கிரம் முடி என்ற அவசரமும் அவர் தலையில்தான். இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அடுத்த படம் கிடைக்குமா என்ற பயமும் அவருக்குத்தான். ஷாட்டை எடுக்க வேண்டியவரே ஷாட்டை நிறுத்த வேண்டியவராகவும் இருந்தால், எது ஜெயிக்கும்?

மூன்று, "குடும்பத்துக்கு உதவி செய்தோமே." நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் நிவாரணம் வேறு, பொறுப்பு வேறு. 2025 சாவுக்குப் பிறகு, இந்தி நடிகர் அக்ஷய் குமார் சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த செய்தி பாராட்டோடு வந்தது. அவருக்கு நன்றி. ஆனால் முதலாளி செய்ய வேண்டியதை ஒரு நடிகர் தர்மமாகச் செய்யும்படி விட்ட தொழிலுக்கு அது வெட்கக்கேடு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020-ல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் படத் தயாரிப்பும் அதில் ஒரு நிறுவனம்தான். வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை என்று எழுதியிருக்கிறது. சினிமாவில் முதலாளி என்றால் தயாரிப்பாளர். ஆக முதல் பொறுப்பு அவருடையது. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்கிற பட்டியலில் தொழிற்சாலை உண்டு, கட்டடப் பணி உண்டு, சுரங்கம் உண்டு. படப்பிடிப்பு இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க மூன்று விஷயம் போதும். கயிறு, கிரேன், வெடி, வாகனம், ஆயுதம் எது வரும் காட்சியானாலும் அன்றைய கால்ஷீட்டில் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். அவர் இயக்குநருக்கும் ஸ்டண்ட் மாஸ்டருக்கும் கட்டுப்படாதவராக, 'நிறுத்து' என்றால் நிற்கிற அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் கேமரா ஓடினால் தயாரிப்பாளர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இதை பெஃப்சி நினைத்தால் அரசாணைக்குக் காத்திருக்காமல் நாளைக்கே நிபந்தனையாக வைக்கலாம். சம்பளப் பிரச்சினைக்கு ஷூட்டிங்கை நிறுத்தத் தெரிந்த அமைப்புக்கு உயிர்ப் பிரச்சினைக்கு நிறுத்தத் தெரியாதா என்ன?

பட்ஜெட் தாங்காது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயகனின் கேரவனுக்குத் தாங்குகிறது. ஆடியோ விழாவுக்குத் தாங்குகிறது. ஒரு புதுக் கயிற்றுக்கும், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒரு ஆளுக்கும் தாங்காது என்றால், அந்தக் காட்சி படத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.