பெயர் எங்கிருந்தும் வரட்டும், வினை நம்முடையதாக இருக்கட்டும்

தபால் உறையில் ஸ்டாம்ப் ஒட்டுகிறோம். தாலுகா ஆபீசில் ஸ்டாம்ப் அடிக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு எல்லாவற்றுக்கும் ‘ஸ்டாம்ப்’ என்ற ஒரே சொல் போதும்; பொருளும் அதுதான், செயலும் அதுதான். நம் ஆள் அந்தச் சொல்லை வாங்கியபோது பக்கத்தில் ஒரு தமிழ் வினையை நிறுத்தினார். ஒட்டினால் தபால்தலை, அடித்தால் முத்திரை. காப்பி இன்னும் வேடிக்கை. பரீட்சையில் அடிக்கிற காப்பி வேறு, அடுப்படியில் போடுகிற காப்பி வேறு, ரேஷன் கார்டுக்கு எடுக்கிற காப்பி வேறு. இந்தக் கெட்டிக்காரத்தனம் கைவிட்டுப் போகிறது, எல்லா இடத்திலும் ‘பண்ணு’ வந்து உட்கார்ந்துவிட்டது என்பதுதான் என் புகார்.

ஆங்கிலச் சொல்லைக் கண்டால் விரட்டுகிற தமிழாசிரியர் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கிற ஆங்கிலத்தின் வசதி எனக்குப் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் அந்த வசதி இவ்வளவு இல்லை. அன்புக்கு ‘லுஃபு’, அன்பு செலுத்துவதற்கு ‘லுஃபியன்’ என்று வால் வேறாக இருந்தது. காலப்போக்கில் வால்கள் உதிர்ந்து இரண்டும் ‘லவ்’ ஆயின. அதன்பிறகு சொல் நிற்கிற இடமே அது பெயரா வினையா என்று காட்டிக்கொடுக்கும். ஷேக்ஸ்பியர் இந்த வசதியில் புகுந்து விளையாடினார். நம் காலத்தில் கூகுள் என்ற நிறுவனப் பெயர், 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வினையாகவே ஏறிவிட்டது.

தமிழில் இது இல்லையா? இருக்கிறது. ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த ‘முதனிலைத் தொழிற்பெயர்’ அதுதான். விகுதி எதுவும் சேராமல் வினையடியே பெயராக நிற்பது: அடி, உதை, கட்டு, வெட்டு. எங்கள் தெருவில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பட்டு இழையை முறுக்குகிறார்கள்; முறுக்கு போதவில்லை என்றால் இழை அறுகிறது; வேலை முடிந்து டீயோடு கடிப்பதும் முறுக்குதான். ‘முறுக்கினான்’ என்றால் வினை, ‘முறுக்கைத் தளர்த்து’ என்றால் பெயர். ஆங்கிலத்துக்கு இடம் காட்டுவதை நமக்கு விகுதியும் உருபும் காட்டுகின்றன. சேலையின் கரையையும் சர்க்கரை கரைவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை ஒலி ஒன்றாக அமைந்த இரு சொற்கள்.

விகுதி சேர்ந்து பெயரானவையும் தறியில் உண்டு. நெய்வது நெசவு. கோர்ப்பது கோர்வை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கிற சேலைக்கு மூன்று நாடா வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து நாடாவை விடுவார், மற்றவர் எதிர்ப்பக்கக் கரையைக் கவனிப்பார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் இழையோடு இழை கோர்த்து வரும். அந்தச் செயலின் பெயரையே சேலைக்கும் வைத்தார்கள்.

வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு என்ன செய்தோம் என்பதற்கு எங்கள் ஊர்க் கோயில்களே சாட்சி. தரிசனம், சேவை, பூஜை, தியானம் எல்லாம் வடமொழிப் பெயர்கள். அவற்றைத் தரிசி, சேவி, பூஜி, தியானி என்று தமிழ் வினையாக வளைத்தோம். 40 ஆண்டுகளுக்குப் பிறகு 2019-இல் அத்தி வரதர் கோயில் குளத்திலிருந்து வெளியே வந்து காட்சி கொடுத்தபோது, வரிசையில் நின்றவர்கள் ‘தரிசித்தோம்’ என்றார்கள், ‘சேவித்தோம்’ என்றார்கள். யோசனையை ‘யோசி’ ஆக்கியதும் இதே வழிதான். ‘யோசித்தேன்’ என்பதை இன்று யார் அந்நியமாக நினைக்கிறார்கள்?

‘பண்ணு’வும் பழைய சொல்தான், மரியாதையான சொல்தான். பெருமாளை வீதிக்குக் கொண்டுவருவதை எழுந்தருளப்பண்ணுவது என்பார்கள்; பேச்சில் ‘ஏளப்பண்ணுவது’. சொல்லின் மேல் குற்றமில்லை. நாம் அதன் தலையில் ஏற்றுகிற சுமைதான் அதிகம்.

காந்தி ரோட்டு ஜவுளிக் கடையில் கேட்கிற பேச்சு இது: “சேலையை செக் பண்ணி, ஃபோல்டு பண்ணி, பேக் பண்ணிடுங்க. ஜிபே பண்ணிடறேன்.” பிரித்துப் பார்ப்பது, மடிப்பது, பையில் போடுவது, பணம் அனுப்புவது: நான்கு காரியத்துக்கும் ஒரே வினை. நான்கும் நடந்தது தெரிகிறது. கை என்ன செய்தது என்பது காணாமல் போய்விட்டது. ‘மடி’ என்பதற்குள் விரல்கள் இருக்கின்றன. ‘ஃபோல்டு பண்ணு’ என்பதற்குள் ஒரு கட்டளைதான் இருக்கிறது.

படித்தவர்கள் கோட்டைவிட்டதை மெக்கானிக் ஷெட் காப்பாற்றுகிறது. பஞ்சர் ஒட்டுவார்கள், பிரேக் பிடிப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், ரிவர்ஸ் எடுப்பார்கள், கியர் போடுவார்கள். பெயர் ஆங்கிலம், வேலையை அறிந்த வினை தமிழ். புதிது புதிதாக வருகிற சொற்களுக்கெல்லாம் உடனே வினை தேட முடியுமா என்று கேட்கலாம். முடியாத இடத்தில் பண்ணு இருக்கட்டும். ‘கிளிக்கினேன்’, ‘ட்வீட்டினார்’ என்று இணையத்தில் எழுதுகிற பிள்ளைகளைக் கண்டு தமிழாசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். நானாக இருந்தால் மார்க் போடுவேன். தரிசனத்தைத் தரிசி ஆக்கியவர்களின் வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கில வகுப்பில் பெயராகவும் வினையாகவும் வரும் சொற்களைப் பட்டியல் போட்டு ஒப்பிக்க வைக்கிறோம். அடுத்த மணியில் தமிழ் வகுப்பில் முதனிலைத் தொழிற்பெயரைத் தனியாக ஒப்பிக்க வைக்கிறோம். இரண்டு ஆசிரியர்களும் ஒருநாள் கலந்து பேசினால் போதும். ‘கட்டு’ புரிந்த பிள்ளைக்கு ‘ஸ்டாம்ப்’ புரியாதா?

நாளை வரப்போகும் கருவிக்கு என்ன பெயர் என்பதை எங்கோ கலிஃபோர்னியாவில் முடிவு செய்வார்கள். அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதை அடிப்பதா, போடுவதா, எடுப்பதா, ஓட்டுவதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமையையும் ‘பண்ணு’விடம் எழுதிக்கொடுத்துவிட்டு, தமிழ் தேய்கிறது என்று மேடையில் முழங்குவதில் பொருளில்லை.