டம்மி டேட்டாவுக்கு நைட் ஷிப்ட் கிடையாதா?

கடைசி வருட பிராஜெக்ட் என்றால் ஒரு காலத்தில் லைப்ரரி மேனேஜ்மெண்ட். அது சலித்துப்போய் இப்போது பிராஜெக்ட் மேனேஜ்மெண்டுக்கே ஒரு பிராஜெக்ட். யார், எந்த வேலையை, எத்தனை மணி நேரம் செய்தார் என்று பதிகிற மென்பொருள். சோதித்துப் பார்க்க ஆயிரக்கணக்கில் நேரப் பதிவுகள் வேண்டுமே? எக்ஸெல்லில் ரேண்ட்பிட்வீன் என்று ஒரு ஃபார்முலா போட்டு இழுத்தால் பத்து நிமிடத்தில் ஐயாயிரம் வரி. பெயர் வேண்டுமா, பைத்தானில் ஃபேக்கர் இருக்கிறது. தமிழ்ப் பெயராகவே கொட்டும்.

அந்த ஐயாயிரம் வரியை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் சிரிப்புதான் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு. பஞ்ச் பண்ண மறந்தவர் ஒருவர்கூட இல்லை! ஓ.எம்.ஆரில் ஆணி பிடுங்குகிறவர்களுக்கே இது பொருந்தாது. மாத்தூருக்கு?

மாத்தூரை அடுத்துத்தான் மணலி. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று ஆரம்பித்து இன்று சி.பி.சி.எல். ஆகியிருக்கும் சுத்திகரிப்பு ஆலை, எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலை... ராத்திரியானால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய இயந்திரங்கள் அல்ல அங்கே இருப்பவை. பிராஜெக்ட் என்ற சொல்லும் ஐ.டி.க்காரர்களின் சொத்து இல்லை. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் 'ஷட்டவுன்' நாட்களில் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர் என்று காண்ட்ராக்ட் ஆட்கள் கூட்டமாக உள்ளே போவார்கள். மணிக்கணக்குக்கு அங்கேதான் உயிர் அதிகம்.

ஒரு ஃபிட்டர் செவ்வாய் இரவு பத்து மணிக்கு உள்ளே போகிறார். காலை ஆறு மணிக்கு ரிலீவர் வரவில்லை. பத்து மணி வரை இருந்துவிட்டு வருகிறார். அன்று இரவு அவருக்கு வார ஓய்வு. மொத்தம் 12 மணி நேரம். மாணவர் எழுதிய மென்பொருள் என்ன செய்யும்? 'முடிவு நேரம் தொடக்க நேரத்துக்குப் பிறகு இருக்க வேண்டும்' என்று சிவப்பில் திட்டும். கொஞ்சம் புத்திசாலி மென்பொருளாக இருந்தால் செவ்வாய்க்கு 2, புதனுக்கு 10 என்று பிரித்துப் போடும். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு நாளைக்கு 9 மணி என்ற வரம்பை வைத்தால், 3 மணி ஓ.டி. கிடைக்க வேண்டிய இடத்தில் 1 மணிதான் நிற்கும். இரட்டைச் சம்பளத்துக்கான இரண்டு மணி நேரம் காணாமல் போய்விட்டது. திருடியவர் யாரும் இல்லை!

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு உழைத்த நேரத்தை முந்தைய நாளின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதன் 57-ஆவது பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. இந்தியாவில் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியது, கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்குத் தோன்றவில்லை.

'டம்மிதானே பாஸ்' என்பார்கள். டம்மிதான். ஆனால் 'டெஸ்ட் பாஸ்' என்று பச்சை விளக்கு எரிவது அந்த டம்மிக்கு மட்டும்தான். அதில் இல்லாத ஃபிட்டருக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அப்படியானால் ஏதாவது ஒரு டைம் ஆபீஸிலிருந்து நிஜப் பதிவையே காப்பி அடித்துவிடலாமா? கூடவே கூடாது. யார் எந்த வாரம் படுத்துக் கிடந்தார், யார் அடிக்கடி பாதியில் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயரை அழித்தால் போதும் என்பதும் கதை. ஒரே ஒரு கிரேன் ஆபரேட்டர் உள்ள இடத்தில் நேரத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

பொய்யான ஆட்களே இருக்கட்டும், அவர்களுக்கு நிஜமான ராத்திரிகளைக் கொடுங்கள். நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட், டபுள் டூட்டி, வெளியே போகும்போது விட்டுப்போன பஞ்ச், ஒரே மாதத்தில் இரண்டு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒருவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலிப் பக்கம் தண்ணீர் நின்றதே, அப்படி ரிலீவர் வர வழியே இல்லாத ஒரு வாரமும் வேண்டும். ரேண்டம் ஃபார்முலா இதையெல்லாம் தானாகக் கொண்டுவராது. கையால்தான் எழுத வேண்டும்.

ஐயாயிரத்தில் ஐம்பது வரி போதும். ஒரு மதியம் ஆகும். காலை ஆறரை மணிக்கு மாத்தூர் டீக்கடையில் நிற்பவர்களிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.