இரண்டாம் பாதி ஆட்டம்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரந்தாவிலோ லிங்கியிலோ சிலியாவிலோ ஏதாவது ஒரு திடலோரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் செம்பனை மரங்கள், மறுபக்கம் கோயில். நடுவே பல நிறச் சட்டைகள் அணிந்த இளைஞர்கள் காற்பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் பந்தைத் தொடும் விதமே வேறாக இருக்கும். உயரத்தில் வரும் பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழுமுன் திருப்பி, யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்புவார். ஒரு நொடி கழித்து அந்த இடத்துக்கு அவருடைய நண்பர் ஓடிவருவார்.

"யார் இந்தத் தம்பி?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், "ஸ்டேட்டுக்கு ஆடுன பையன் சார். இப்போ செனவாங் பேக்டரில வேல" என்று பதில் வரும்.

இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பையனின் முகம் மாறும், தொழிற்சாலையின் பெயர் மாறும், கதை மட்டும் மாறாது. அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே மாவட்ட அளவில் விளையாடினார். இடைநிலைப்பள்ளியில் மாநில அணிச் சட்டையை அணிந்தார். பிறகு பொலிடெக்னிக்கில் சேர்ந்து, அங்கும் அணியின் நடுத்திடல் ஆட்டக்காரராக இருந்தார். 21 வயதில் படிப்பு முடிந்தது. அன்றோடு காற்பந்தும் முடிந்தது. இப்போது அவருக்கு 24 வயது. முட்டி வலி இல்லை, மூச்சு வாங்குவதில்லை, ஆட்ட அறிவு அன்றைவிட இன்று கூடியிருக்கிறது. அவரை விளையாடக் கூப்பிடத்தான் ஆளில்லை.

நம் நாட்டு மாணவர் காற்பந்துக்கு நல்ல ஏணி ஒன்று உண்டு. பள்ளிக்கு விளையாடலாம், மாவட்டத்துக்கு விளையாடலாம், மாநிலத்துக்கும் விளையாடலாம். அதன்பின் சுக்மா இருக்கிறது. இளையோருக்கான பிரெசிடன் கிண்ணம் இருக்கிறது. உயர்கல்விக் கூடங்களுக்கும் தனிப் போட்டிகள் உண்டு. ஆனால், இவற்றுக்கெல்லாம் வயதோ படிப்புக் காலமோ எல்லையாக இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவருக்கு அடுத்து இருப்பது சூப்பர் லீக். அது படி அன்று, மாடி. 2004 முதல் அதற்குக் கீழே ஒரு படியாக இருந்த பிரிமியர் லீக்கும் 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு நின்றுபோனது.

அந்த வெற்றிடத்தில்தான் 2024இல் ஏ1 செமி-ப்ரோ லீக் தொடங்கியது. செமி-ப்ரோ என்றால் பகுதிநேரத் தொழில்முறை. ஆட்டக்காரர் காற்பந்தால் ஓரளவு வருமானம் பெறலாம். வேறு வேலையும் பார்க்கலாம், படிக்கவும் செய்யலாம். பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைக் கொண்ட ஓர் அணியும் இந்த லீக்கில் களமிறங்கியது. இதில் விளையாடிய இமிகிரேசன் அணி 2025/26 பருவத்தில் சூப்பர் லீக்குக்கே ஏறிவிட்டது. கீழே இருந்து மேலே போக மீண்டும் ஒரு வழி திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த லீக்கைச் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். "முழுநேர ஆட்டக்காரராக முடியாதவர்களின் லீக்" என்கிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டப்புற இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான லீக் வேறில்லை என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் திறமை பற்றியதன்று, நேரம் பற்றியது. இதைப் புரிந்துகொள்ள நம் தாத்தா காலத்துத் தோட்டத்துக்குச் சற்றுத் திரும்பிப் போகவேண்டும்.

பிராட்வெல், லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் எனத் தோட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். லயன் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயக்கொட்டகை, திடல். பால்மரம் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து பிரட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் வீடு திரும்புவார்கள். உழைப்புக்குத் தகுந்த கூலி இல்லை. வீட்டில் வசதி இல்லை. ஆனால், மாலைப்பொழுது அவர்கள் கையில் இருந்தது. அந்த மாலைப்பொழுதில்தான் தோட்டத்துக் காற்பந்து வளர்ந்தது. காலையில் வாளி சுமந்தவர்கள் மாலையில் வெறுங்காலோடு பந்தை உதைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் லாரி ஏறிக் குடும்பத்தோடு போனார்கள். வறுமையை நான் இனிமையாக்கிக் காட்ட விரும்பவில்லை. அந்த வாழ்க்கை மீண்டும் வரவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால், அந்த வாழ்க்கை கொடுத்த ஒரே செல்வம் மாலை நேரம் என்பதை மறக்கவும் முடியாது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்களிலும் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நீலாய், சிரம்பான் 2, பண்டார் ஶ்ரீ செண்டாயான் போன்ற புதிய நகர்ப்பகுதிகளைக் காரில் கடக்கும்போது, ஒரு காலத்தில் இங்கெல்லாம் வரிசை வரிசையாக மரங்கள் நின்றன என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். அங்கே வேலை முறைநேரத்தில் நடக்கிறது. இந்த வாரம் பகல் என்றால் அடுத்த வாரம் இரவு. மிகைநேர வேலையும் செய்தால்தான் மோட்டார் சைக்கிள் கடனைக் கட்டமுடியும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது நல்லதுதான். என்றாலும், வீட்டு வாடகையையும் தம்பி தங்கையின் படிப்பையும் பார்க்கும் இளைஞனுக்கு மிகைநேர வேலையை விட மனம் வராது. தாத்தாவிடம் இருந்த மாலைப்பொழுது பேரனிடம் இல்லை. திறமை குறைந்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், குறைந்தது மாலைப்பொழுது.

தோட்டப்புறத்திலிருந்து யாருமே மேலே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கிறார்கள். சிரம்பானுக்கு அருகிலுள்ள சுங்கை காடுட்டைச் சேர்ந்த எஸ். குணாளன் நெகிரி செம்பிலான் அணிக்கு விளையாடி, 2010இல் ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை முதன்முறையாக வென்ற தேசிய அணியில் இடம்பெற்றார். அந்த அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். பின்னர் குணாளன் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியில் பல ஆண்டுகள் விளையாடினார். நம் மாநில அணியையே 2022இல் கே. தேவன் பயிற்றுவித்து, சூப்பர் லீக்கில் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். இவர்களை நினைத்து நாம் பெருமைப்படலாம். ஆனால், உரிய வயதில் உரியவர் கண்ணில் பட்டவர்களின் வெற்றியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், படாமல் போனவர்களின் கணக்கு எப்போது வரும்?

அந்தக் கணக்கை எழுத முயன்ற ஓர் அணி நம்மிடம் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் பெயரில் உருவான அணி அது. 2017இல் பிரிமியர் லீக்குக்கு வந்து, 2018இல் அந்த லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. இந்தியர் சங்கத்தில் பிறந்தாலும் எல்லா இன ஆட்டக்காரர்களும் அதில் விளையாடினர். 2021இல் அவர்கள் செய்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்நாட்டவரை மட்டுமே கொண்டு நாட்டின் முதல்நிலை லீக்கில் விளையாடினார்கள். மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்ட பலருக்கு அங்கே சட்டை கிடைத்தது. 2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அந்த அணி லீக்கிலிருந்து விலகிவிட்டது. ஒரே ஓர் அணியின் தோளில் ஏற்றிவைத்த வாய்ப்பு, அந்த அணி போனதும் கூடவே போய்விட்டது. அதனால்தான் தனி ஓர் அணியைவிட, பல அணிகள் சேர்ந்த லீக் முக்கியம் என்கிறேன்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. உடல் சிறியது என்பது காரணம். அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்னும் சிறிய அணியில் வாரம் 30 பவுண்டுக்கு விளையாடினார். 25 வயதில் லெஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். 2016இல் அந்த அணி இங்கிலீஷ் பிரிமியர் லீக் பட்டத்தை வென்றபோது, அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 24. வார்டியின் விடாமுயற்சியை எல்லாரும் பாராட்டுகிறார்கள். நான் பாராட்டுவது அந்தச் சிறிய அணியை. தொழிற்சாலை வேலை முடிந்து வருபவர் விளையாடக்கூடிய ஓர் அணி, பேருந்தில் போய்விடும் தூரத்தில் இருந்தது. அது இல்லாமல் விடாமுயற்சியை எங்கே போய்க் காட்டுவது?

பெற்றோரின் கவலையையும் நான் அறிவேன். "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் அம்மாவை யாரும் குறைசொல்ல முடியாது. நம் நாட்டில் முழுநேர ஆட்டக்காரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் போன செய்திகளை அவரும் படிக்கிறார். அந்தக் கேள்விக்கு முழுநேரக் காற்பந்திடம் பதில் இல்லாத நேரத்தில், பகுதிநேரக் காற்பந்திடம் பதில் இருக்கிறது. வேலையை விடவேண்டாம், படிப்பை நிறுத்தவேண்டாம், சோறு வேலை போடட்டும். இதுவொன்றும் புதுமை அன்று. 1989இல் நாட்டில் முதல் செமி-ப்ரோ லீக் தொடங்குவதற்கு முன்பெல்லாம், மாநில ஆட்டக்காரர்கள் வங்கியிலோ அரசாங்க இலாகாவிலோ வேலை பார்த்துக்கொண்டுதான் விளையாடினார்கள். 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி ஒலிம்பிக் தகுதி பெற்ற தேசிய அணி அந்தக் காலத்து அணிதான். கோல் கம்பத்தில் நின்ற ஆர். ஆறுமுகத்தை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். அன்றைய முதலாளிகள் பயிற்சிக்கு விடுப்பு கொடுத்தார்கள் என்பதை இன்றைய முதலாளிகளுக்கு நினைவூட்டினால் தவறில்லை.

ஆகவே, லீக் தொடங்கியாயிற்று என்று நாம் சும்மா இருக்க முடியாது. ஓர் அணியில் இடம்பிடித்த தொழிலாளிக்குப் பருவம் முடியும்வரை பகல் முறைநேரமே தரும்படி தொழிற்சாலைகளைக் கேட்கவேண்டும். இதனால் நிறுவனத்துக்குப் பெரிய செலவு வராது. அட்டவணையில் ஒரு பெயரை மாற்றி எழுதினால் போதும். ஆட்டக்காரர் தேர்வுகள் பெருநகரங்களில் மட்டும் நடந்தால், பகாவிலிருந்தும் கெமாசிலிருந்தும் வருபவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பயணத்துக்கும் செலவழிக்கவேண்டும். அதுவும் தேர்வு நடக்கும் செய்தி அவருக்கு எட்டினால்தான். தோட்டக் கோயிலின் அறிவிப்புப் பலகையில் திருவிழா அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினால்கூடப் போதும். ஊர் முழுவதும் தெரிந்துவிடும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

மாணவர்களாகிய நீங்கள் இதில் என்ன செய்யமுடியும் என்று நினைக்கலாம். உங்கள் அண்ணனோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒரு காலத்தில் மாநிலத்துக்கு விளையாடியவராக இருக்கலாம். ஆம், அக்காவும்தான், பெண்களுக்கான வாய்ப்புகள் இன்னும் குறைவு என்பதால் அவர்களின் கதை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அந்தப் பழைய சட்டை அலமாரியில் எங்கோ மடிந்து கிடக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், ஏன் விட்டீர்கள் என்று. பெரும்பாலும் "காயம்" என்றோ "தோற்றுவிட்டேன்" என்றோ பதில் வராது. "நேரம் இல்ல" என்றுதான் வரும்.

நான் சொன்ன இளைஞரிடம் சென்ற மாதம் ஏ1 லீக் பற்றிச் சொன்னேன். பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தம்முடைய வயதைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"பயிற்சி எத்தன மணிக்கு சார்?" என்றார்.

"மாலையில்தான் வைப்பார்கள்" என்றேன்.

கைப்பேசியை எடுத்து, அந்த மாதத்து வேலை அட்டவணையைத் திறந்து, இரவு வேலை இல்லாத நாள்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.