சந்தேகம் போதும், சிகிச்சை தொடங்கட்டும்

மிக்ஸி ஓடுவதற்கு முன்பே, மூடியைக் கையில் எடுத்ததும் காதைப் பொத்திக்கொள்கிறது மூன்று வயதுப் பிள்ளை. சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டு உறுத்துகிறதென்று சட்டையைப் போடவே விடுவதில்லை. அங்கன்வாடியில் சோறு கொஞ்சம் குழைந்திருந்தால் வாயில் வைப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. குமரி மாவட்டத்தின் தோவாளையானாலும் பூதப்பாண்டியானாலும் இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு அக்கம்பக்கம் சொல்வது, "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு பிந்தித்தான் வரும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்பது. இல்லையென்றால், "போனைக் கையில குடுத்து நீதான் கெடுத்துட்ட" என்பது. ஆறுதலும் பழியுமாகக் கேட்டுக்கொண்டே ஒன்றிரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன. பிள்ளையின் மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகள் அவை.

ஊர் பொறுக்கச் சொல்வதைவிட அரசு நடைமுறை பொறுக்கச் சொல்வதுதான் பெரிய கேடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் முதற்கட்டப் பரிசோதனையை மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் செய்ய வேண்டும் என்றன 2018-இன் மத்திய அரசு விதிமுறைகள். எழுதப் படிக்கப் பழகும் முன் அந்தக் குறைபாட்டை உறுதிசெய்ய முடியாது என்பதால் இது நியாயமே. ஒலியும் தொடுகையும் தாங்காமல் தவிக்கும், ஆட்டிசம் என்றும் தீர்மானிக்கப்படாத பிள்ளைக்கோ அந்த 21-இல் இடமே இல்லை. சான்றிதழ் இருந்தால்தான் சலுகை, உதவித்தொகை என்றிருக்கும்போது, நான்கு வயதில் திணறும் பிள்ளையின் கணக்கு எந்த அலுவலகத்திலும் திறக்கப்படுவதில்லை.

இத்தனைக்கும் அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து, பாதிப்பு வரக்கூடும் என்று தோன்றும் குழந்தைகளைக் கண்டறியச் சொல்கிறது. தோன்றினாலே போதும், நிரூபணம் வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கண்டறிந்து அனுப்பும் ஏற்பாட்டில் குறையில்லை. குறை, அனுப்பப்பட்ட பிள்ளை போய்ச்சேரும் வழியில் இருக்கிறது.

அந்த வழியைப் பாருங்கள். தோவாளையில் பொழுது விடியும் முன்பே பூச்சந்தை நடக்கிறது. பூக் கட்டுகிறவர்களுக்குக் கட்டிய அளவுக்குத்தான் கூலி. தெரபி என்பதோ ஒருநாள் போய் மருந்து வாங்கி வரும் காரியமல்ல; வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, வடசேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஹாரன் சத்தத்துக்கே அலறும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெரிசலில் நிற்கும் தாயைப் பார்த்து, "பிள்ளைய அடக்கத் தெரியலயா?" என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றாவது வாரம் அவள் போகாமல் நின்றால் அதை அலட்சியம் என்று எழுதிவைக்க யாருக்கும் உரிமையில்லை.

இவ்வளவு சிறு வயதில் பிள்ளைமீது முத்திரை குத்தலாமா, தாமதமாகப் பேசும் பிள்ளைகள் பலர் தாமே சரியாகிவிடுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். சரியாகிறார்கள், உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை தானே தேறும், எது தேறாது என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் தேறப்போகிற பிள்ளைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை; தேறாத பிள்ளைக்கு அவை இல்லாத ஆண்டு திரும்பி வராது. ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதிலும் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்களே மறைந்துபோகின்றன என்றால் முதல் வேலையாகக் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். இதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை. முத்திரைக்கு அஞ்சி அரசு மையத்தைத் தவிர்க்கும் குடும்பம்தான், ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களிடம் பிறகு நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறது. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. சத்தம் குறைந்த மூலையில் இடம், எழுதத் திணறும் பிள்ளையிடம் வாயால் பதில் கேட்பது, அடுத்த பாடவேளையில் என்ன நடக்கும் என்று படம் போட்டுக் காட்டுவது, இவற்றுக்கெல்லாம் செலவே இல்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் நாளையே செய்யலாம். ஆனால் அவருக்குத் துணைநிற்க வேண்டிய, வட்டார வளமையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தின் நிதியில் தமிழகத்துக்கு 2024-25-க்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது அந்த அடி இவர்களையும் தாக்கியது. மத்திய, மாநில அரசுகளின் அரசியல் சண்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் ஆசிரியரைப் பணயம் வைத்ததை எந்தக் காரணம் காட்டியும் ஏற்க முடியாது.

வீட்டருகே மறுவாழ்வுச் சேவை என்பதுதான் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தின் நோக்கம். உலக வங்கிக் கடனுதவியும் அதற்கு இருக்கிறது. எனவே மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது புதுத் திட்டமல்ல. பூதப்பாண்டி அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் உட்கார வேண்டும். எந்த நேரத்தில் என்பதைப் பூக் கட்டும் வீடுகளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அங்கன்வாடி ஊழியர் எழுதித்தரும் ஒரு துண்டுச் சீட்டே அங்கே அனுமதிக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். வீட்டில் எப்படிப் பழக்குவது என்பதைத் தாய்க்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் ஆச்சிக்கும் அங்கே கற்றுத்தர வேண்டும். அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இது நடந்தாக வேண்டும். இப்போது நான்கு வயதில் இருக்கும் பிள்ளை அதற்குள் ஐந்தைத் தொட்டுவிடும்.