மோட்டார் சைக்கிள் வாரண்டிக்கு யார் பொறுப்பு?

மோட்டார் சைக்கிளை ஆடம்பரச் சாமான் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. 2024-25ஆம் நிதியாண்டில் மட்டும் நம் நாட்டில் விற்பனையான இரு சக்கர வண்டிகள் சுமார் 1 கோடியே 96 இலட்சம். சத்தியமங்கலத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறித்த மல்லிகை அரும்பு, மலருமுன் சந்தை போய்ச் சேருவதும், ஆரணித் தறிகாரர் பாவும் பட்டும் வாங்கி வருவதும், நெய்து முடித்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி பெறுவதும் இவ்வண்டிகளை நம்பித்தான். ஏரையும் தறியையும் போல இதுவும் ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. தறியில் கோளாறு கண்டால் அடுத்த தெருத் தச்சர் வந்து பார்த்துவிடுவார். மோட்டார் சைக்கிள் பழுதுபட்டால், அதிலும் வாரண்டிக் காலத்திலேயே பழுதுபட்டால், வண்டிக்காரர் படும் பாடு சொல்லி முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வாரண்டி என்பது கம்பெனி நமக்குக் காட்டும் சலுகையன்று. விற்ற வண்டிகளில் இத்தனை பழுதாகும், அவற்றைச் சரிசெய்ய இவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, அதற்கென ஒரு தொகையை ஒதுக்கியே தயாரிப்பாளர் கணக்கெழுதுகிறார். அந்தத் தொகையும் வண்டியின் விலையில் அடங்கியதே. ஆகவே வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றித் தரும்படி கேட்பவர், தாம் முன்பே பணங்கொடுத்து வாங்கிய ஒன்றைத்தான் கேட்கிறார். இந்த எளிய உண்மை சர்வீஸ் நிலையத்தின் வாசற்படியைத் தாண்டியதும் ஏனோ மறைந்துபோகிறது. வண்டி வாங்கிய அன்று மாலையிட்டுப் படம் எடுத்து அனுப்பியவரை, வாரண்டி கேட்டு வரும் அன்று கடன் கேட்க வந்தவரைப் போல நிற்க வைக்கிறார்கள்.

‘இலவச சர்வீஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதில் கூலி மட்டுமே இலவசம். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் பிற சில்லறைச் சாமான்களுக்கும் பணம் உண்டு. வாங்கும்போதே சொல்லிவிட்டால் இதைக் குறைகூற இடமில்லை. வம்பு வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை நாள், இவற்றுள் எது முந்துகிறதோ அதற்குள் சர்வீஸ் செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டியை எடுக்கும் நெசவாளருக்குக் கிலோமீட்டர் நிறையாது; நாள் நிறைந்துவிடும். ஒரு சர்வீஸ் தவறிவிட்டால் வாரண்டி முழுவதுமே போயிற்று என்று கைவிரிக்கிறார்கள். எண்ணெய் மாற்றத் தவறியதால் இஞ்சின் கெட்டது என்றால் பொருத்தம் உண்டு. ஒரு சர்வீஸ் தவறியதற்கும் வேகமானி நின்றுபோனதற்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது ‘தேய்மானம்’ என்னும் சொல். பிரேக் கட்டையும் கிளட்ச் தட்டும் தேயவே செய்யும். அவற்றிற்கு வாரண்டி இல்லை என்பது நியாயமே. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய ஒரு பாகம் சில மாதங்களில் போய்விட்டால், அது செய்தவர் குற்றமா, ஓட்டியவர் குற்றமா என்று தீர்ப்புக் கூறுவது யார்? செலவை ஏற்க வேண்டிய கட்சியே நீதிபதியின் ஆசனத்திலும் அமர்ந்திருக்கிறது. பாட்டரி போனால் அதைச் செய்த கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள். டயர் வெடித்தால் டயர்க் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள். வண்டி முழுவதற்கும் சேர்த்து விலை வாங்கியவர் ஒருவர். பதில் சொல்ல வேண்டிய வேளையில் அவர் நாலு பேராகப் பிரிந்துவிடுகிறார்.

இவற்றையெல்லாம் விடச் சங்கடமானது, வந்து வந்து மறையும் பழுதுதான். விடியற்காலைக் குளிரில் இஞ்சின் கிளம்பாமல் முரண்டு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்குமேல் சர்வீஸ் நிலையம் திறக்கும்போது, அங்கு வரை ஓடிவந்த வண்டியின் இஞ்சின் சூடாக இருக்கிறது. ஒரே உதையில் கிளம்புகிறது. ‘கோளாறு ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதித் திருப்பித் தந்துவிடுகிறார்கள். மறுநாள் விடியலில் பழைய கதைதான். இப்படி மூன்று முறை நடந்தால் பூக்கூடைக்காரருக்கு மூன்று நாள் சந்தை போயிற்று. இரவு முழுவதும் வண்டியை அங்கேயே நிறுத்தி, மறுநாட் காலையில் முதல் வேலையாக உதைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. சொன்னால் இடமில்லை என்பார்கள், ஆளில்லை என்பார்கள்.

டீலர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கையும் பார்க்க வேண்டும். சொந்தப் பணம் கொடுத்து வேலை செய்துகொள்ளும் வாடிக்கைக்காரரிடமிருந்து கூலி உடனே வந்துவிடுகிறது. வாரண்டி வேலைக்குக் கூலி தர வேண்டியவர் தயாரிப்பாளர். இன்ன வேலைக்கு இத்தனை நிமிஷம், அதற்கு இவ்வளவு கூலி என்று அவரே ஒரு பட்டியல் வகுத்து வைத்திருக்கிறார். பழுது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரம் அந்தப் பட்டியலில் முழுமையாக அடங்குவதில்லை. கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். கேட்டால் அனுப்ப வேண்டும். விண்ணப்பம் எழுத வேண்டும். அது நிராகரிக்கப்பட்டால் நஷ்டம் டீலருடையது. இந்த ஏற்பாட்டில் எந்த வேலை முதலில் நடக்கும், எது மூலையில் கிடக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். மெக்கானிக்காக வேலை பார்க்கும் இளைஞனுக்கோ, மாலைக்குள் எத்தனை வண்டி முடித்தான் என்பதுதான் கேள்வி. ஒரு வண்டியோடு அரை நாள் மல்லுக்கட்டினால் அவனுக்குப் பாராட்டுக் கிடைக்காது. கவுண்டரில் நின்று அவனைத் திட்டுவதில் பயனில்லை என்பது நம் கருத்து. குற்றம் கூலிப் பட்டியலை வகுத்தவருடையது. வாரண்டி வேலைக்கும் மற்ற வேலைக்கும் ஒரே கூலி என்று தயாரிப்பாளர் தீர்மானித்துவிட்டால், நாம் காணும் தாமதத்தில் பெரும்பகுதி தானே கரைந்துவிடும்.

முன்பு வண்டிக்காரருக்கு ஒரு மாற்று வழி இருந்தது. டீலர் சரியில்லையென்றால் சாலையோரத்துப் பட்டறைக்குப் போய்விடலாம். கார்புரேட்டர் திருகைக் காதால் கேட்டே சரிசெய்யும் கைகாரர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வண்டிகள் பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்டபின், பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி வந்துவிட்டது. புகை குறைந்தது நல்லதே. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்ன உறுப்பில் கோளாறு என்பதை இப்போது காது சொல்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் சோதனைக் கருவியை இணைத்துத்தான் அறிய வேண்டும். அக்கருவி டீலரிடம் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் பெரும்பாலும் இல்லை. வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமுறுத்தல் வேறு. வேறு கதியில்லாத வாடிக்கைக்காரரை எவர்தான் மரியாதையாக நடத்துவார்?

இந்தப் பயமுறுத்தல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வண்டிக்காரர்கள் அறிந்திருப்பது அவசியம். கார்களைப் பற்றிய ஒரு வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துசெய்யக் கூடாது. அந்த வேலையின் பிழையால் விளைந்த கேட்டுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. தண்டத் தொகை சில கம்பெனிகளுக்கு முறையீட்டில் பின்னர் குறைக்கப்பட்டது. அது கார்களுக்கான உத்தரவேயாயினும் அதிலுள்ள நியாயம் இரு சக்கரத்துக்கும் பொருந்தாமற் போகுமா?

அமெரிக்காவில் இதே நியாயம் மோட்டார் சைக்கிளுக்கே நேராகச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே 1975ஆம் ஆண்டிலேயே இதற்கொரு வாரண்டிச் சட்டம் உண்டு. அதன்கீழ் 2022இல் ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பிறருடைய பாகங்களைப் போட்டாலும் வெளியில் பழுது பார்த்தாலும் வாரண்டி போகும் என்ற பொருள்பட எழுதியிருந்ததை நீக்க வேண்டும், அப்படிப் போகாது என்பதை வெளிப்படையாக எழுதவும் வேண்டும் என்பது உத்தரவு. நம் மத்திய சர்க்காரும் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022இல் ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வண்டிகளும் விவசாயக் கருவிகளும் அதன் ஆராய்ச்சியில் அடங்கின. அமெரிக்காவைப்போல் கண்டிப்பான சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளர், டீலர் இருவரையுமே எதிர்க்கட்சியாகச் சேர்க்க இடமளிக்கிறது. ஒருவரை ஒருவர் காட்டி நழுவ முடியாதபடி இருவரையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘நீங்கள் வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுகிறீர்கள்; நுகர்வோர் அல்லர்’ என்று சிலரை மிரட்டுவதுண்டு. சுயதொழில் செய்து தம் ஜீவனத்தை நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் விளக்கியிருக்கிறது. சேலை கொண்டுபோகும் நெசவாளரும் காய்கறிக்கூடை ஏற்றும் விவசாயியும் இதில் அடங்குவர். விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. கம்பெனியின் தலைமைக் காரியாலயம் எங்கிருந்தாலும் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. அதற்கு முன்படியாக 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தமிழிலேயே புகார் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் முடிந்த ஓராண்டில் ஒரே ஒரு மின்சார ஸ்கூட்டர் கம்பெனியின்மீது அங்கே 10,644 புகார்கள் குவிந்தன. அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அக்கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தனித்தனியாகச் சொன்ன குறைகள்தாம் கணக்காகச் சேர்ந்து அந்த நோட்டீஸாயின.

எனினும் அளவுக்கு மீறிய நம்பிக்கை கூடாது. சாதாரண வழக்கை 3 மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீள்வது அனைவரும் அறிந்ததே. பழுதான வண்டிக்குப் பதில் புது வண்டி கிடைக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் வாரண்டி சொல்லுமாயின் வண்டி முழுவதையும் மாற்றக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு கார் வழக்கில் கூறியிருக்கிறது. அலைச்சலுக்கு நஷ்ட ஈடு கிடைக்கலாம்.

வழக்காயினும் புகாராயினும் நிற்பது ஜாப் கார்டு என்னும் ஒரு தாளின் மீதுதான். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். ‘காலையில் கிளம்பவில்லை, ஓடும்போது நின்றுவிடுகிறது’ என்று நாம் சொன்னது அதில் ‘பொதுச் சோதனை’ என்று பதிவாகிவிடுகிறது. நாலாவது முறை வந்து நிற்கும்போது, முந்தைய மூன்று முறையும் இந்தக் குறையைச் சொன்னதற்கு அத்தாட்சியே இல்லை. நம் வாய்ச்சொல்லிலேயே குறையை எழுதினாலொழியக் கையெழுத்திட மறுப்பது நம் உரிமை. வண்டி உள்ளே சென்ற தேதியும் வெளியே வந்த தேதியும் அதில் இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ரசீது தராமை சட்டப்படியே முறையற்ற வணிகம். வாரண்டி மறுக்கப்பட்டால் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் தாராளமாக மறுப்பவர் எழுதித் தரச் சொன்னால் தயங்குவதைப் பலரும் கண்டிருக்கக்கூடும்.

தயாரிப்பாளர்களும் ஒன்று செய்யலாம். வண்டி பட்டறையில் நின்ற நாட்களை வாரண்டிக் காலத்தோடு கூட்டித் தருவதில்லை என்பதே இன்று பெரும்பாலான வாரண்டிப் பத்திரங்களின் நிலை. பாகம் வரவில்லை என்று இருபது நாள் வண்டியை நிறுத்திவைத்தால் அந்த இருபது நாளும் நம் கணக்கில் கழிகிறது. அதைக் கூட்டித் தருவதாக ஒரு வரியும், வண்டிக்காரர் தம் குறையைத் தமிழில் தாமே எழுத நாலு கோடு இடமும் ஜாப் கார்டில் சேர்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த முறை புத்தகம் அச்சடிக்கும்போதே செய்துவிடலாம்.