வர விட்டால்தானே!

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் நேரில் பேசினால்தான் கனம், திரையில் பேசுவது ஒப்புக்கு என்கிறார் நண்பர். வர விட்டால்தானே ஐயா! 2013 செப்டம்பரில் சீனாவின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் சாவோ ஷுன்லி அங்கே போகக் கிளம்பித்தான் பெய்ஜிங் விமான நிலையத்துக்கு வந்தார். அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். காவலில் உடல் சீர்கெட்டு, 2014 மார்ச்சில் மருத்துவமனையில் இறந்தார். 2016இல் அதே மன்றத்துக்குக் கிளம்பிய காஷ்மீர் செயற்பாட்டாளர் குர்ரம் பர்வேஸை டெல்லி விமான நிலையத்தில் மறித்தார்கள்; ஊர் திரும்பியவரைக் கைதும் செய்தார்கள்.

நடைவழியில் தூதரை மடக்கிப் பேசுவது திரையில் வாய்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவையில் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு விசா, விமானச் சீட்டு, யானை விலையில் ஓர் அறை! 2020இல் கொரோனா வந்தபோது காணொளி உரைகளை இதே மன்றம் கேட்டதே, அப்போது எங்கே போயிற்று இந்தக் கனம்?