ஓடுபாதைக்கு அருகே ஓர் ஊர்



சுவிட்சர்லாந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பனிமலை, ஏரி, கைக்கடிகாரம், சாக்லேட் என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் நகர்ப்பகுதிகளில்தான் வாழ்கிறார்கள். அவர்களில் ஏராளமானோர் காலையில் ரயில் பிடிப்பது, சுற்றுலா வந்தவர்கள் யாரும் இறங்காத புறநகர் நிலையங்களில். அப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச ஆசை. சூரிச் நகரத்துக்கும் அதன் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் ஒப்ஃபிகோன்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்கலாம். ஆனால் சூரிச் பக்கம் உறவினர் உள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களிடம் கிளாட்புருக் என்று சொல்லிப் பாருங்கள், அருள்மிகு சிவன் கோவில் இருக்கும் இடம்தானே என்பார்கள். அந்தக் கிளாட்புருக் ஒப்ஃபிகோன் நகராட்சியைச் சேர்ந்ததுதான். மேட்டில் பழைய ஒப்ஃபிகோன் கிராமம். கீழே கிளாட் ஆற்றங்கரையில் ரயிலும் சாலையும் வளர்த்த கிளாட்புருக். தெற்கே இந்த நூற்றாண்டில் புதிதாக எழுந்த கிளாட்பார்க். எல்லாம் சேர்ந்தாலும் ஆறு சதுர கிலோமீட்டர் வராது.

சூரிச்சின் வாசலில் இருந்துகொண்டு இது எப்படித் தனி ஊராகவே நின்றது? 1934இல் சூரிச் தன்னைச் சுற்றியிருந்த எட்டு ஊர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஒப்ஃபிகோனுக்கு அருகிலிருக்கும் சேபாக், எர்லிகோன், ஷ்வாமெண்டிங்கன் மூன்றும் அந்த எட்டில் அடக்கம். கோடு அதோடு நின்றுவிட்டது. அன்றைக்கு ஒப்ஃபிகோன் ஓர் உழவர் கிராமம். பெருநகரம் ஆசைப்பட அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1948இல் பக்கத்துக் குளோட்டனில் விமான நிலையம் திறந்ததும் நிலைமை தலைகீழானது. ஹோட்டல்கள், கிடங்குகள், அலுவலகங்கள், நெடுஞ்சாலை எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் தனக்கென்று நகரசபை, தனக்கென்று வரிவிகிதம் என்று ஊர் தன் காலிலேயே நிற்கிறது. வரிவிகிதம் சூரிச்சைவிடக் குறைவு. குடிவருகிறவர்கள் அதையும் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள்.

2000ஆம் ஆண்டுவாக்கில் இங்கே சுமார் 12,000 பேர் இருந்தார்கள். இன்று 20,000ஐத் தாண்டிவிட்டது. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு கிளாட்பார்க்குடையது. முன்பு ஓபர்ஹவுசர்ரீட் என்ற ஈரப்புல்வெளியாக இருந்த இடம் அது. கட்டுவதா வேண்டாமா என்று பல பத்தாண்டுகள் இழுபறியில் கிடந்த நிலம். 2000களின் தொடக்கத்தில் சாலையும் குழாயும் போட்டு, 2006இல் முதல் குடும்பங்கள் குடியேறின. சுமார் 7,000 பேர் வசிக்கவும், ஏறக்குறைய அதே அளவு பேர் வேலை செய்யவும் திட்டமிட்ட பகுதி.

புதுக் குடியிருப்பு என்றாலே அடுக்கி வைத்த பெட்டிகள் என்று ஒதுக்கிவிடுகிறோம். கிளாட்பார்க்கையும் சூரிச்வாசிகள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். லிலியந்தால், ரைட், ஃபார்மன், லிண்ட்பெர்க், டுஃபோ என்று எல்லாமே ஆதிகால விமானிகள். ஷாவேஸ் பெயரில் ஒரு மரச்சாலை இருக்கிறது. ஜார்ஜ் ஷாவேஸ் பாரிஸில் பிறந்த பெரு நாட்டவர். 1910 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பிரிக் நகரிலிருந்து கிளம்பி, சிம்ப்லோன் கணவாய்க்கு மேலே பறந்து ஆல்ப்ஸை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர். இத்தாலியப் பக்கம் டோமோடோசோலாவில் தரையைத் தொடும் தறுவாயில் விமானம் நொறுங்கியது. நான்கு நாளில் உயிர் பிரிந்தது. வயது 23. ஊருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அதற்கெல்லாம் முன்னோடியான ஒரு வெளிநாட்டு இளைஞனின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்களே, அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தத் தெருக்கள் போய் முடியும் இடத்தில் ஒரு நீர்நிலை. சுமார் 550 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேரான கரை. இயற்கை ஏரி அல்ல, பூங்காவோடு சேர்த்து வெட்டியது. சுற்றுக் கட்டடங்களின் கூரைகளில் விழும் மழைநீர் இதற்குத்தான் வந்து சேர்கிறது. ஒரு கரையில் அகலப் படிகள். எதிர்க்கரையில் நாணலும் புல்வெளியும். கோடை மாலையில் அந்தப் படிகளில் துண்டை விரித்துப் பிள்ளைகள் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அல்பேனியன், போர்த்துகீசு, தமிழ், இத்தாலியன் என்று கலந்துகட்டிப் பேச்சு கேட்கும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது மட்டும் சூரிச் ஜெர்மனில். குடியிருப்பு விற்கும் விளம்பரத்தில் ஏரியைப் படமாகப் போடுவது எளிது. அந்தத் தண்ணீரில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறங்கி நீந்தலாம் என்று விட்டிருப்பதுதான் பெரிய காரியம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதினால் அது நேர்மையாகாது. தன் வான்வெளி வழியாக அதிகாலையில் சூரிச்சுக்கு விமானங்கள் இறங்கக் கூடாது என்று ஜெர்மனி கட்டுப்பாடு விதித்ததால், 2003 அக்டோபர் இறுதியிலிருந்து அந்த நேரத்து விமானங்கள் தெற்கிலிருந்து இறங்குகின்றன. வாரநாட்களில் காலை 6 முதல் 7 வரை, சனி ஞாயிறுகளில் 9 வரை. ஓடுபாதைக்கு நேர் தெற்கே இருப்பது ஒப்ஃபிகோன். வழக்குகளும் ஊர்வலங்களும் நடந்தன, இன்றும் விவாதம் ஓயவில்லை. விமான நிலையம் சோறு போடுகிறது, விமான நிலையமே தூக்கத்தையும் கெடுக்கிறது. இரவுப் பணி முடித்து விடியலில் கண்ணயரும் செவிலியருக்கும் ஹோட்டல் பணியாளருக்கும் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது, புள்ளிவிவரம் பேசுகிற கூட்டங்களில் எடுபடுவதில்லை.

கிளாட் பள்ளத்தாக்கின் ஊர்களை இணைக்கும் டிராம் பாதை 2006, 2008, 2010 என்று மூன்று கட்டமாகத் திறக்கப்பட்டது. சூரிச் எல்லையிலிருக்கும் தொலைக்காட்சி நிலையத்தைத் தாண்டி ஒப்ஃபிகோனுக்குள் நுழையும்போது ஊர் மாறியது பயணிக்குத் தெரியவே தெரியாது. 2012இல் குரோக்கோடில் என்ற கட்டடக்கலைஞர் குழு, இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களையெல்லாம் ஒரே நகரமாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்று ஒரு நூலே போட்டது. ஆனாலும் ஊர்கள் தனித்தனியாகவே தொடர்கின்றன. அவரவர் பள்ளிக்கூடம், அவரவர் வரிப்பணம் என்று நெடுநாள் ஆண்டு பழகியவர்கள் லேசில் விட்டுக்கொடுப்பார்களா?

என் மனதை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒப்ஃபிகோனில் வசிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லை. சூரிச் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில்கூட வாக்கு கிடையாது. புதுப் பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது, வரிவிகிதம் எல்லாம் வாக்காளர்களும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் 36 உறுப்பினர் கொண்ட நகரசபையும் முடிவு செய்கிற விஷயங்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலரின் பெற்றோருக்கு அதில் சொல்ல வழியில்லை; வரி மட்டும் கட்டுகிறார்கள். நீண்டகாலம் வசிக்கும் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை தரும் உரிமையை ஊராட்சிகளிடமே விட்டுவிடலாம் என்ற யோசனை 2013 செப்டம்பரில் மாநில மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நான்கில் மூன்று பங்கு வாக்குகள் எதிராக விழுந்தன. அதே நாட்டில் பிரெஞ்சு பேசும் ஜெனீவாவிலும் நூஷாடெலிலும் வெளிநாட்டவர் தம் ஊர் விவகாரங்களில் வாக்களிக்கிறார்கள். அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. பத்து இருபது ஆண்டுகள் ஓர் ஊரில் உழைத்து, பிள்ளை பெற்று வளர்த்தவர்களை விருந்தாளியாகவே வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த நம் மக்களும் இந்தப் பாதையில்தான் நடந்தார்கள். உணவகச் சமையலறை, மருத்துவமனை, துப்புரவு வேலை என்று தொடங்கினார்கள். கிளாட்புருக்கில் சிவன் கோவில் இருப்பது தொழிற்சாலைத் தெருவில்; அதன் பெயரே இண்டஸ்ட்ரீஸ்ட்ராஸே. ஐரோப்பாவில் நம் கோவில்கள் பலவும் இப்படிப்பட்ட இடங்களில்தான் அமைந்தன. வாடகை தாங்கும்படி இருக்கும், மேளச்சத்தத்துக்கு அக்கம்பக்கம் முகம் சுளிக்காது, கார் நிறுத்தவும் இடம் கிடைக்கும். கிடங்குகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கற்பூரமும் சாம்பிராணியும் மணக்கும்.

கடைசியாக ஒரு சங்கதி. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊரைப் போடுவதில்லை; பூர்வீக ஊரைத்தான் போடுவார்கள். குடியுரிமை பெறுகிறவருக்கு எந்த ஊர் அதை வழங்குகிறதோ அதுவே பூர்வீக ஊர். பிள்ளைகளுக்கும் அது தொடரும். ஆக, தாத்தா பாட்டி பருத்தித்துறையிலோ வவுனியாவிலோ பிறந்திருந்தாலும், இங்கே குடியுரிமை பெற்ற குடும்பத்தின் பேத்தி காட்டும் கடவுச்சீட்டில் பூர்வீகம் ஒப்ஃபிகோன். மலைக்கிராமத்துப் பழங்குடும்பத்துக்கு உள்ள அதே உரிமையோடு அவள் அந்த நகரசபைக்குப் போட்டியிடலாம்.

பெருநகரங்களின் ஓரத்தில், பெயர் கேட்டால் "அது எங்கே இருக்கிறது?" என்று பிறர் திருப்பிக் கேட்கும் ஊர்களில், நம் வாசகர்கள் ஏராளமானோர் வசிக்கிறீர்கள். உங்கள் ஊரில் புதிதாக வந்த பள்ளி, மறைந்துபோன வயல், பக்கத்து வீட்டுக்காரர்கள், நீங்கள் வாக்களித்த அல்லது வாக்களிக்க முடியாமல் போன முதல் தேர்தல் என எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென்று பக்கங்களை ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்